டார்மென்டில்: அடையாளம் காண்பது முதல் கிழங்கு எடுப்பது வரை

டார்மென்டில் ரோஜாக் குடும்பத்துச் செடி. தாவரவியல் பெயர் பொட்டென்டில்லா எரெக்டா. அயர்லாந்தில் தொடங்கி ஐரோப்பா முழுக்கப் பரவி மேற்கு ஆசியா வரை வளர்கிறது. பிரிட்டனில் நியூ ஃபாரஸ்ட், ஆஷ்டவுன் ஃபாரஸ்ட், டார்ட்மூர், ஸ்காட்லாந்து மலைச்சரிவுகள் என, ஹெதர் புதர் படர்ந்த அமில மண் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் காலடியில் கிடக்கும். மரங்கள் நெருங்கி நிற்காத, வெயில் புள்ளிபுள்ளியாக விழும் காட்டோரங்களிலும் இருக்கும். உயரம் பெரும்பாலும் 10 முதல் 30 சென்டிமீட்டர். மே கடைசியில் பூக்கத் தொடங்கி செப்டம்பர் வரை விடாமல் பூக்கும்.

தோட்டத்தில் இதை வளர்க்க முயல்கிறவர்கள் பெரும்பாலும் தோற்பதற்குக் காரணம் அக்கறைக் குறைவு கிடையாது, அக்கறை மிகுதிதான். தொழு உரம், சுண்ணாம்பு, குழாய்த் தண்ணீர் மூன்றும் இதற்கு எதிரி. சத்தில்லாத அமில மண்ணும் மழைநீரும் இருந்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முதலில் அடையாளம்

"மஞ்சள் பூ, நான்கு இதழ், அப்படியானால் டார்மென்டில்" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். இதன் உறவுக்காரச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து இதழ், இதற்கு நான்கு என்பது உண்மைதான். ஆனால் ஒற்றைப் பூவை நம்ப முடியாது. டார்மென்டிலிலேயே அங்கொன்று இங்கொன்றாக ஐந்து இதழ்ப் பூ வரும். நெருங்கிய உறவான படர் டார்மென்டில், அதாவது பொட்டென்டில்லா ஆங்கிலிகா, ஒரே செடியில் நான்கிதழ்ப் பூவும் ஐந்திதழ்ப் பூவும் கலந்து பூக்கும். ஆகவே ஒரு அளவுகோலும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஒரே இடத்தில் பத்துப் பூக்களின் இதழ்களை எண்ணுங்கள். ஏறக்குறைய எல்லாமே நான்கு என்றால் டார்மென்டில். கலந்து வந்தால் படர் டார்மென்டிலாகவோ கலப்பினமாகவோ இருக்கலாம். எல்லாம் ஐந்து என்றால் பொட்டென்டில்லா ரெப்டான்ஸ் என்னும் படர்கொடியைச் சந்தேகியுங்கள்.

2. பூவின் அகலத்தை அளந்து பாருங்கள். டார்மென்டில் பெரும்பாலும் 7 முதல் 11 மில்லிமீட்டர். படர் டார்மென்டில் 14 முதல் 18. ரெப்டான்ஸ் 17 முதல் 25 வரை போகும்.

3. தண்டின் நடுப்பகுதி இலையைப் பாருங்கள். எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம் இங்கேதான் இருக்கிறது. டார்மென்டிலின் தண்டிலைக்குக் காம்பு இல்லை, இருந்தாலும் 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. படர் டார்மென்டிலுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் காம்பு தெளிவாகத் தெரியும். ரெப்டான்ஸில் அதைவிட நீளம்.

4. தண்டை மெல்லத் தூக்கிக் கணுக்களைப் பாருங்கள். டார்மென்டில் கணுவில் வேர்விடாது. படர் டார்மென்டில் கோடை முடியும்போது வேர்விடும். ரெப்டான்ஸ் ஸ்ட்ராபெரிக் கொடியைப் போலக் கணுவுக்குக் கணு ஊன்றிக்கொண்டே போகும்.

தண்டிலையில் ஒரு ஏமாற்றும் உண்டு. பார்த்தால் ஐந்து சிற்றிலை போலத் தோன்றும். உண்மையில் மூன்றுதான் சிற்றிலை; மற்ற இரண்டும் இலையடிச் செதில்கள். அவை இலையளவுக்கு வளர்ந்து ஓரத்தில் பற்கள் வெட்டியிருக்கும். அடியில் நீண்ட காம்போடு இருக்கும் இலைகள் பூக்கும் பருவத்தில் பெரும்பாலும் வாடிவிடும். எனவே அவற்றைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

பூவைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். நான்கு புல்லி இதழ்களுக்கு நடுநடுவே இன்னும் நான்கு குறுகிய பச்சை இதழ்கள், ஆக எட்டு முனை தெரியும். கடுகு இனத்துக்கும் நான்கு மஞ்சள் இதழ் உண்டு, இந்த இரட்டை வட்டம் அதற்கு இல்லை. மேலும் கடுகுப்பூவில் மகரந்தத் தாள் ஆறு. டார்மென்டிலில் அதைவிட அதிகம். பட்டர்கப் பூவுக்கு எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு இருக்கும், இதற்கு இல்லை. காட்டுக்குள் தரையோடு படரும் மஞ்சள் பிம்பர்னலுக்கு ஐந்து இதழும், பிரிவுபடாத எதிரெதிர் இலையும் இருக்கும். அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு.

இனங்களுக்கிடையே கலப்பு சகஜம். நான்கும் ஐந்தும் கலந்து பூத்து, காம்பும் நடுத்தரமாக இருந்து, செப்டம்பரில் விதைத் தலைகள் வெறுமையாக இருந்தால் அது மலட்டுக் கலப்பினம். அதிலிருந்து விதை எடுக்க நினைப்பது வீண்.

உதகை, கொடைக்கானல் பக்கம் தரையில் படர்ந்து, மஞ்சள் பூவும் ருசியற்ற சிவப்புப் பழமும் தரும் செடியைப் பார்த்தவர்கள் இதுதானோ என்று கேட்பதுண்டு. அது பொட்டென்டில்லா இண்டிகா. பேரினம் ஒன்று, செடி வேறு. இதழும் ஐந்து.

தேடிப் போகும்போது

ஹெதர் படர்ந்த இந்த ஹீத் வெளிகளில் உண்ணி அதிகம், அது கடித்தால் லைம் நோய் தொற்றலாம். நீளக் கால்சட்டை அணிந்து அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் மூன்றையும் பாருங்கள். பிரிட்டனின் ஒரே நஞ்சுள்ள பாம்பான ஆடர் விரியனும் இதே இடங்களில்தான் வெயில் காயும். உட்காருமுன், கை வைக்குமுன் ஒரு பார்வை போதும். மார்ச் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் இருப்பதால் பாதையை விட்டு இறங்காதீர்கள். பாதை ஓரத்திலேயே இந்தச் செடி தாராளமாகக் கிடைக்கும். மிதிபடுவதும் ஆடுமாடும் குதிரையும் மேய்வதும் இதற்குப் பெரிய தொல்லை இல்லை. சொல்லப்போனால், உயர்ந்த புல்லை மேய்ச்சல் அடக்கிவைப்பதால்தான் இது பிழைக்கிறது.

பறிப்பது பற்றிய சட்டம் தெளிவானது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, நில உரிமையாளரின் அல்லது நிலத்தை அனுபவிப்பவரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். கிழங்குக்காகத் தோண்டினால் செடியே போய்விடும். ஆகையால் கிழங்கு வேண்டுமென்றால் வளர்த்து எடுப்பது ஒன்றே வழி. இனி வருவது அதற்கான முறை.

விதை

உள்நாட்டுக் காட்டுப்பூ விதை விற்பவர்களிடம் வாங்குவது எளிது. வாங்கும்போது தாவரவியல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "மஞ்சள் பொட்டென்டில்லா" என்று கேட்டால் தோட்ட அலங்காரக் குறுஞ்செடியைக் கொடுத்துவிடுவார்கள். அனுமதியோடு சேகரிப்பதானால் ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரை, புல்லி வட்டம் மூடிப் பழுப்பாகி, விரலால் தொட்டால் விதை உதிரும் நிலையில் எடுங்கள். பச்சையாக எடுத்தது முளைக்காது. வெள்ளைத் தாளில் தேய்த்து உதிர்த்து, ஊதிப் பதர் நீக்கிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரே செடியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். இது பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. வேறு வேறு தாய்ச்செடியின் விதையில் வந்த மூன்று நான்கு செடிகளாவது தோட்டத்தில் இருந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு விதை கட்டும். ஒரே செடியைப் பிரித்து நட்டுப் பத்தாக்கினாலும் அது மரபில் ஒரே செடிதான். பூ நிறைய, விதை சொற்பம்.

விதைப்பு

முளைக்குமுன் விதைக்குக் குளிர் தேவை. தமிழ்நாட்டுச் சமவெளியில் இதை முயல வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் அதுவே. குளிர் கொடுக்க இரண்டு வழி.

இயற்கை வழி: செப்டம்பர் அல்லது அக்டோபரில் விதைத்து, தொட்டியை வெளியிலேயே விட்டுவிடுவது. குளிர்காலம் தன் வேலையைச் செய்யும். ஏப்ரல், மே மாதங்களில் முளைக்கும். இதுவே சிரமம் குறைந்தது.

குளிர்சாதனப் பெட்டி வழி: ஈரமான மணலோடு விதையைக் கலந்து சிறு டப்பாவில் போட்டு, 4 டிகிரி செல்சியஸில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்து, பிப்ரவரி கடைசியில் எடுத்து விதைப்பது. பிறகு 15 முதல் 20 டிகிரி வெப்பமும் வெளிச்சமும் தேவை. மணல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் விதை அழுகும். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வரும் ஈரம் சரி.

எந்த வழியானாலும் கலவை ஒன்றுதான். அமிலம் விரும்பும் செடிகளுக்கென்று விற்கப்படும், பீட் (சதுப்பு நிலக் கரிமண்) இல்லாத எரிகேசியஸ் கம்போஸ்ட் 2 பங்கு, சுண்ணாம்பு கலவாத கரடுமுரடான மணல் 1 பங்கு. கட்டட வேலைக்கான மணல் வேண்டாம். அதில் சுண்ணாம்போ உப்போ இருக்கக்கூடும். 9 சென்டிமீட்டர் தொட்டியில் கலவையை நிரப்பி லேசாக அழுத்துங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு விதையை மேலே தூவுங்கள். மண் போட்டு மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே 2 மில்லிமீட்டருக்குச் சன்னமான சரளை தூவினால் மழையில் விதை அடித்துப்போகாது, பாசியும் படராது. ஒரு தொட்டிக்கு முப்பது நாற்பது விதை போதும்.

முளைப்பு ஒரே நாளில் நடக்காது. சில விதைகள் அடுத்த ஆண்டு வசந்தத்துக்குக் காத்திருக்கும். ஆகவே முதல் ஆண்டு நாற்றெடுத்த தொட்டியைக் கொட்டிவிடாமல் ஒரு மூலையில் வைத்திருங்கள். இரண்டு மூன்று உண்மையான இலை வந்ததும் நாற்றைக் காம்பில் பிடிக்காமல் இலையில் பிடித்து எடுத்து, தனித்தனியாக 7 முதல் 9 சென்டிமீட்டர் தொட்டிகளுக்கு மாற்றுங்கள். இந்த நிலையில் நத்தையும் ஓடில்லா நத்தையும் ஒரே இரவில் தட்டைக் காலி செய்துவிடும். தட்டை மேசைமேல் உயர்த்தி வையுங்கள்.

நடுமுன் மண்ணைச் சோதியுங்கள்

மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் சோதனைப் பெட்டி ஒன்றைத் தோட்டக் கடையில் வாங்கி மூன்று இடங்களில் பாருங்கள். 4.5 முதல் 6 வரை என்றால் நேரடியாக நடலாம். 6.5 வரை சமாளிக்கும். 7ஐத் தாண்டினால் தரையில் நடும் எண்ணத்தை விடுங்கள். கந்தகம் போட்டு மண்ணை மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள்; சுண்ணாம்புப் பாறை மேல் உள்ள மண்ணில் அந்த மாற்றம் நிலைக்காது. தொட்டியில் வளர்ப்பது உத்தமம்.

தரையில்: செப்டம்பரிலோ ஏப்ரல் கடைசியிலோ 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். அடியுரம் ஏதும் வேண்டாம். முன்பு காய்கறிப் பாத்தியாக இருந்த இடமென்றால் மேல்மண் 10 சென்டிமீட்டரைச் சீவி அப்புறப்படுத்திவிட்டு நடுங்கள். நல்ல மண்ணை வாரிக் கொட்டுவதா என்று மனம் கேட்காது, ஆனாலும் செய்யுங்கள். சத்துள்ள மண்ணில் டார்மென்டில் சாவதில்லை. புல் அதைவிட வேகமாக வளர்ந்து மூடிவிடுவதால்தான் மறைகிறது.

தொட்டியில்: குறைந்தது 20 சென்டிமீட்டர் ஆழம். மேலே சொன்ன அதே கலவை. ஹெதர் செடி ஒன்றைச் சேர்த்து நட்டால் இரண்டும் ஒத்துப்போகும். உரம் எப்போதும் வேண்டாம்.

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் குழாய்த் தண்ணீர் கடினநீர், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதே சாட்சி. அதை ஊற்ற ஊற்றத் தொட்டி மண்ணில் சுண்ணாம்பு ஏறும். கூரைத் தண்ணீர்க் குழாயோடு மழைநீர்ப் பீப்பாய் ஒன்றை இணைத்துவிடுங்கள். கோடையில் பீப்பாய் காலியானால் இரண்டொரு முறை குழாய்த் தண்ணீர் ஊற்றினால் செடி செத்துவிடாது. பருவம் முழுக்க ஊற்றுவதுதான் கெடுதல்.

புல்வெளிக்குள் வளர்ப்பவர்கள் மே முதல் ஆகஸ்ட் வரை வெட்டாமல் விட்டு, செப்டம்பர் கடைசியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய புல்லை ஒரு துண்டு விடாமல் வாரி எடுக்க வேண்டும், அங்கேயே கிடந்தால் மக்கி உரமாகிவிடும். செடிகளுக்கு நடுவே வெயில் படும் வெற்றுமண் ஒரு கையகலம் விட்டுவையுங்கள். ஆன்ட்ரினா டார்சாட்டா என்னும் சிறு மண்தேனீ டார்மென்டில் மகரந்தத்தைத்தான் பெரிதும் நம்பி வாழ்கிறது, அது மண்ணில் துளையிட்டுக் கூடு கட்டும். பிரிட்டனில் அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

என்ன கெடும், ஏன் கெடும்

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சுண்ணாம்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. மழைநீருக்கு மாறுங்கள், முற்றியிருந்தால் கலவையை முழுக்க மாற்றுங்கள்.

தண்டு நீண்டு சாய்ந்து, இலை கொழுத்து, பூ குறைந்தால் ஒன்று உரம் அதிகம், அல்லது நிழல் அதிகம். நாளுக்கு நான்கைந்து மணி நேர வெயிலாவது வேண்டும். காட்டோரத்தில் நட்டவர்கள் பிராக்கன் பெரணியைக் கவனியுங்கள், ஜூலைக்குள் அது குடைவிரித்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் உள்ளே வைன் வீவில் வண்டின் புழு இருக்கிறது: வெள்ளை உடல், பழுப்புத் தலை, வில்லாக வளைந்திருக்கும். தொட்டிச் செடிகளில் இது வழக்கமான தொல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஸ்டைனர்நீமா கிராசேயி என்னும் நன்மை செய்யும் நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் அடங்கும். மண் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், மண் ஈரமாகவும் இருக்க வேண்டும்.

முதல் ஆண்டு பூக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான நாற்று இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும்.

கிழங்கு எடுப்பது

தண்டுக்கும் பூவுக்கும் பொருத்தமே இல்லாத அளவுக்குத் தடித்த, முண்டும் முடிச்சுமான கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். காய்ந்த கிழங்கில், தோல் பதனிட உதவும் துவர்ப்புப் பொருளான டானின் 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். ஃபாரோ தீவுகளிலும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலும் தோல் பதனிட ஓக் மரப்பட்டைக்கு வழியில்லை, மரமே அரிது. அங்கெல்லாம் இந்தக் கிழங்கைக் கொண்டுதான் தோலையும் மீன்வலையையும் பதப்படுத்தினார்கள்.

மூன்றாம் ஆண்டு அக்டோபரில், இலை காய்ந்த பிறகு எடுங்கள். தவறினால் மார்ச்சில், புது இலை விடுமுன். தோட்ட முள்கரண்டியைச் செடியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இறக்கி மண்கட்டியோடு தூக்குங்கள். மேல் மொட்டுகளோடு 2 முதல் 3 சென்டிமீட்டர் கிழங்கை வெட்டி உடனே திரும்ப நட்டுவிடுங்கள், அடுத்த சுற்றுக்கு அதுவே செடி. மீதியைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, சல்லிவேரை அகற்றி, 3 முதல் 5 மில்லிமீட்டர் வில்லைகளாக அரியுங்கள். தண்ணீரில் ஊறவிடாதீர்கள், டானின் தண்ணீரோடு போகும்.

வெட்டிய முகம் முதலில் வெளிறியிருந்து, சில நிமிடத்தில் இளஞ்சிவப்பாகிப் பிறகு செம்பழுப்பாகும். ஜெர்மானியர் இதை "இரத்தக்கிழங்கு" என்று அழைப்பது இந்த நிறத்தால்தான். நிறம் மாறவே இல்லையென்றால் தோண்டியது வேறு செடியா என்று திரும்பப் பாருங்கள்.

40 டிகிரியில் உலர்த்தும் கருவியிலோ, காற்றோட்டமான நிழலிலோ காயவையுங்கள். வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். நடுவில் ரப்பர் போல இழுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, ஜாடியில் போட்டால் பூஞ்சை நிச்சயம். கண்ணாடி ஜாடியில் இருட்டில் வைத்து ஓராண்டுக்குள் பயன்படுத்துங்கள்.

வாய் கொப்பளிக்க

ஈறு, வாய்ப்புண் எரிச்சலுக்குக் கொப்பளிப்பது ஐரோப்பாவின் பழைய பயன். காய்ந்த கிழங்கு 2 கிராமை 150 மில்லிலிட்டர் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளித்துத் துப்புங்கள். கடுக்காயைப் போல நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. இரும்புப் பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் கறுத்துப்போகும். எவர்சில்வரோ எனாமலோ நல்லது. வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால், அல்லது போக்கு மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். டானின் மருந்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரும்புச்சத்து மாத்திரையைக் குறிப்பாக. உட்கொள்வதானால் மாத்திரைக்கும் இதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கம்பளி நூலுக்குச் சாயம்

நூலின் எடைக்குச் சமமாகக் காய்ந்த கிழங்கு என்பது பொதுக் கணக்கு. கிழங்கு சிறியது, காய்ந்தால் எடை பாதிக்கும் கீழே போகும். எனவே முதல் முறை 10 கிராம் நூலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே உள்ள அளவுகள் 100 கிராம் நூலுக்கு; 10 கிராமுக்குப் பத்தில் ஒரு பங்கு.

நூலை மென்சோப்பில் அலசி நனைத்து வையுங்கள். சாயம் நூலில் பற்றிப்பிடிக்க, படிகாரம் 10 கிராம், கிரீம் ஆஃப் டார்ட்டர் (பேக்கிங்கில் பயன்படும் அமில உப்பு) 5 கிராம் இரண்டையும் வெந்நீரில் கரைத்து, நூல் தாராளமாக மூழ்கும் தண்ணீரில் கலந்து, 80 முதல் 85 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி இரவு முழுக்க ஆறவிடுங்கள். அதே இரவில் இன்னொரு பாத்திரத்தில் கிழங்கைப் பொடித்து 4 லிட்டர் மழைநீரில் ஊறப்போடுங்கள். காலையில் அதைக் கொதிநிலைக்குக் கீழே ஒரு மணி நேரம் காய்ச்சி, துணியில் வடிகட்டுங்கள். ஈர நூலை இறக்கி, 80 டிகிரியைத் தாண்டாமல் ஒரு மணி நேரம், பிறகு அதிலேயே ஆறவிடுங்கள்.

கிடைக்கும் நிறம் செம்மை கலந்த பழுப்பு. சிவப்புச் சாயம் என்று எழுதியிருப்பதை நம்பி மஞ்சிட்டி போன்ற சிவப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. கொதிக்கவிட்டால் செம்மை போய் மந்தப் பழுப்பு மட்டும் நிற்கும், நூலும் சுருங்கிக் கட்டியாகும். சாம்பல் கலந்த கரும்பழுப்பு வேண்டுமானால் முடிய 10 நிமிடம் இருக்கும்போது நூலை வெளியே எடுத்து, 2 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) சாயத்தில் கரைத்து நூலை மீண்டும் இறக்குங்கள். அளவு கூடினால் கம்பளி சொரசொரப்பாகி நாளடைவில் இற்றுப்போகும். அன்னபேதி போட்ட பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கும் எடுக்கக்கூடாது, வெளிர்நிறச் சாயத்துக்கும் எடுக்கக்கூடாது.

பருத்திக்கு வரிசை மாறும். கலம்காரியில் துணியை முதலில் கடுக்காயில் தோய்ப்பதைப் போல, இங்கும் கிழங்குச் சாற்றில் முதலில் தோய்த்து உலர்த்தி, அதன் பிறகு படிகாரம். டானின் பருத்தி இழையில் பற்றிக்கொண்டு படிகாரத்தைப் பிடித்துவைக்கும். வரிசையை மாற்றினால் முதல் துவைப்பிலேயே நிறம் பாதி இறங்கிவிடும்.